ஓடிப்போனவர்கள் கட்டிய ஊர்கள்: மரூன்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்கக் கண்டங்களில் நடந்த அடிமை முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு காட்சிகள்தான் வரும். முதல் காட்சியில் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கடைசிக் காட்சியில் அமெரிக்காவில் லிங்கனோ இங்கிலாந்தில் வில்பர்ஃபோர்ஸோ வந்து விடுதலை வாங்கிக் கொடுக்கிறார். நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, அதில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் "இத்தனை லட்சம் பேர் இருந்தும் ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப முளைக்கிறது. இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. அவர்களுக்குத் தப்பி ஓடிய ஒவ்வொருவரும் மாவீரர், சமரசம் என்றால் என்னவென்றே அறியாதவர்.

இரண்டுமே தப்பு. உண்மையில் நடந்தது இதைவிடச் சிக்கலானது, என்னைக் கேட்டால் இதைவிடப் பெரியதும்கூட. அதைப் புரிந்துகொள்ள ஒரு வார்த்தை போதும்: மரூன். அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி, காட்டிலோ மலையிலோ சதுப்பு நிலத்திலோ சொந்தமாக ஊர் அமைத்து வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் மரூன்கள் என்று பெயர். இப்படிப்பட்ட ஊரை பிரேசிலில் கிலோம்போ என்பார்கள், ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பலேங்கே. நாம் மரூன் என்றே வைத்துக்கொள்வோம், குழப்பம் வேண்டாம்.

இவர்களைப் பற்றி ஏன் கேள்விப்படவில்லை?

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 1501க்கும் 1866க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1.25 கோடிப் பேர் என்பது கப்பல் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இதில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் பகுதிக்கு நேரடியாகப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு 48 லட்சம். ஜமைக்கா என்ற குட்டித் தீவுக்கே சுமார் 10 லட்சம்.

நமக்கு வரும் கதைகளோ முக்கால்வாசி அந்த 4 லட்சத்தைச் சேர்ந்தவை, ஹாலிவுட் உபயம். அங்கே தப்பிப்பது என்றால் தனி ஆளாகவோ குடும்பமாகவோ வடக்கு நோக்கி ஓடுவது, ஏனென்றால் வடக்கே அடிமை முறை இல்லாத மாகாணங்கள் இருந்தன, அதற்கும் மேலே கனடா. ஜமைக்காவில் எந்தத் திசையில் ஓடினாலும் கடல்தான். அதனால் அங்கே ஓடியவர்கள் ஊர் கட்ட வேண்டியிருந்தது.

கோபித்துக்கொண்டு போவதும், ஒரேயடியாகப் போவதும்

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மனைவி பிறந்தகம் போய் உட்காருவதைப் பார்த்திருப்போம். அறுத்துக்கொண்டு போகும் எண்ணம் இருக்காது. நாலு நாள் கழித்துப் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து, "இனிமேல் கை ஓங்க மாட்டான், கிளம்பும்மா" என்று பேசி அழைத்துப் போவார். தோட்டங்களில் நடந்த தப்பித்தல்களில் பெரும்பகுதி ஏறக்குறைய இந்த மாதிரிதான். சவுக்கடிக்குப் பயந்தோ, வேறு தோட்டத்துக்கு விற்கப்பட்ட மனைவியைப் பார்க்கவோ, அறுவடை நேரத்துக் கொடூர வேலையிலிருந்து மூச்சு விடவோ, சில நாளோ சில வாரமோ மறைந்துவிடுவார்கள். பிறகு பக்கத்துத் தோட்டத்துத் துரை மூலமாகவோ பாதிரியார் மூலமாகவோ சேதி அனுப்புவார்கள்: அடிக்க மாட்டேன் என்றால் வருகிறேன்.

ஒப்புமை அதோடு நின்றுவிடுகிறது. பிரெஞ்சு ராஜா 1685இல் தன் காலனிகளுக்காகப் போட்ட கறுப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஒரு மாதம் காணாமல் போனவருக்குக் காதுகளை அறுத்து ஒரு தோளில் சூடு. மறுபடி போனால் முழங்காலுக்குப் பின்பக்கத்து நரம்பை அறுத்து மறு தோளில் சூடு. மூன்றாவது தடவை மரணம். இந்தச் சட்டம் தெரிந்தும் போனார்கள். அதைத்தான் "ஏன் எதிர்க்கவில்லை" என்று கேட்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தற்காலிக மறைவை வரலாற்றாசிரியர்கள் சிறு வெளியேற்றம் என்பார்கள். திரும்பும் எண்ணமே இல்லாமல் போய், தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து தனிச் சமூகமாக நிலைப்பது பெரு வெளியேற்றம். முதலாவது பேரம், இரண்டாவது முறிவு. மரூன் ஊர்கள் இரண்டாவதிலிருந்து பிறந்தவை.

ஓடுவது ஒரு ராத்திரி வேலை, மறுநாள் சோறு?

தப்பித்தல் என்றவுடன் நம் மனம் ஓடுகிற காட்சியிலேயே நின்றுவிடுகிறது. உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகு. ஐம்பது பேர், நூறு பேர், அதில் குழந்தைகள், கர்ப்பிணிகள். பின்னால் துப்பாக்கியும் நாய்களும். இவர்கள் பத்து வருஷம் தாக்குப் பிடிக்க என்னென்ன வேண்டும்?

முதலில் இடம், படை நுழையத் திணறுகிற இடமாக. ஜமைக்காவின் காக்பிட் பகுதி சுண்ணாம்புக்கல் மலைகள், நடுநடுவே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள். ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய இடுக்குகள். தென் அமெரிக்காவின் சுரிநாமில் போனி என்ற தலைவரின் கோட்டை சதுப்பு நிலத்தின் நடுவில் இருந்தது. உள்ளே போகும் பாதைகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்தன, கால் வைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வழி. அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் பரந்து கிடக்கும் பெரிய சதுப்புக் காட்டிலும் தலைமுறை தலைமுறையாக மரூன்கள் இருந்திருக்கிறார்கள்.

அடுத்தது சாப்பாடு, இங்கேதான் விஷயமே இருக்கிறது. வேட்டையாடி ஓர் ஊர் பிழைக்க முடியாது, பயிர் வைத்தாக வேண்டும். மரவள்ளி, சேனை வகைகள், வாழை, சோளம், சில இடங்களில் நெல். ஆனால் காட்டின் நடுவில் திடீரென்று வெட்டவெளியாக ஒரு வயல் தெரிந்தால் அது ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும், அடுப்புப் புகையும் அப்படித்தான். தேடி வந்த படைகளுக்கு ஆட்களைப் பிடிப்பது கஷ்டம் என்று தெரிந்துபோனதும் பயிரை அழிப்பதையே உத்தியாக்கிக்கொண்டார்கள். அதனால் மரூன்கள் வயலை ஊரிலிருந்து தள்ளி, சிதறலாக, ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்படி வைத்தார்கள். இந்த விவசாயத்தில் பெரும்பங்கு பெண்களுடையது. வீரக் கதைகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

மூன்றாவது, காட்டில் விளையாத சாமான்கள்: வெடிமருந்து, இரும்பு, துணி. இவற்றுக்குத் தோட்டங்களைத்தான் நம்ப வேண்டும், கொள்ளையடித்தோ ரகசியமாகப் பண்டமாற்று செய்தோ. தோட்டத்தில் இருந்த அடிமைகள் தங்கள் காய்கறி நிலத்தில் விளைந்ததை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பது வழக்கம். சரக்கோடு சேதியும் கைமாறும். எந்தப் படை எப்போது கிளம்புகிறது என்பது துரைக்கு முன்னால் மலைக்குத் தெரிந்திருக்கும்.

சரி, சுருக்கமாக: மரூன் ஊர் என்பது உலகத்தை விட்டு விலகிப்போன ஆசிரமம் கிடையாது. தோட்டத்தோடு சண்டை, வியாபாரம், உளவு எல்லாவற்றாலும் பின்னிப் பிணைந்த ஓர் அண்டை நாடு மாதிரி. அதனால்தான் கடைசியில் அரசுகள் அவர்களோடு உடன்படிக்கை போடும் நிலைக்கு வந்தன.

நானியும் குட்ஜோவும்

1655இல் இங்கிலாந்து ஜமைக்காவை ஸ்பானியர்களிடமிருந்து பிடித்தது. ஸ்பானியர்களின் அடிமைகளாக இருந்தவர்களில் பலர் அந்தக் குழப்பத்தில் மலையேறிவிட்டார்கள். பின்னால் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களும் சேர்ந்தார்கள். 1730கள் வந்தபோது இரண்டு பெரிய கூட்டங்கள்: மேற்கே காக்பிட் மலைகளில் குட்ஜோவின் தலைமையில் ஒன்று, கிழக்கே நீல மலைகளில் நானி, குவாவோ முதலியோரின் தலைமையில் மற்றொன்று.

இவர்களுடைய போர்முறை ஆங்கிலேயப் படைக்குப் புதிது. சிவப்புக் கோட்டோடு, மேளத்தோடு, வரிசையாக வரும் சிப்பாய்களை உடம்பெல்லாம் இலை தழை கட்டிக்கொண்டு மரத்தோடு மரமாக நின்றவர்கள் சுடுவார்கள். அபெங் என்று ஓர் ஊதுகொம்பு, மாட்டுக் கொம்பில் செய்தது. வெறும் அபாயச் சங்கு இல்லை அது. சுருதி மாற்றி ஊதி மலைக்கு மலை செய்தியே அனுப்பினார்கள். அபெங் ஊதத் தெரிந்தவர்கள் ஜமைக்காவில் இன்றும் உண்டு.

நானியைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகள் ஏராளம், குண்டுகளைக் கையால் பிடித்தார் என்பது வரை. எழுத்தில் இருப்பதோ மிகக் கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சமே சுவாரசியம். 1733இல் ஜமைக்கா சட்டசபை ஓர் அடிமையைப் பாராட்டிப் பதிவு செய்கிறது: கிளர்ச்சிக்காரர்களின் மந்திரக்காரக் கிழவி நானியைக் கொன்றவர் இவர்தான் என்று. பரிசும் உண்டு. அப்புறம் 1740ஐ ஒட்டி அதே அரசின் நிலப்பத்திரம் ஒன்று, நானிக்கும் அவரோடு குடியிருக்கும் மக்களுக்கும் 500 ஏக்கர் வழங்குகிறது! செத்துப்போனதாகக் கணக்கு முடித்த பெண்ணின் பெயரில் பட்டா. இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்களில் இருக்கும் ஒரே பெண் நானிதான், 500 டாலர் நோட்டில் அவர் உருவம்.

கையெழுத்தின் விலை

1734இல் நானி ஊரை ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆனால் மக்கள் கலைந்து வேறு இடத்தில் கூடினார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. வெள்ளையர் ஒருவருக்குப் பத்து அடிமைகள் என்ற அளவில் இருந்த தீவு அது, அதற்குமேல் ஸ்பெயினோடு போர் மூளும் நிலை. துரைமார்கள் இறங்கி வந்தார்கள். 1739 மார்ச் 1 அன்று குட்ஜோவோடு உடன்படிக்கை, சில மாதங்களில் கிழக்குக் கூட்டத்தோடு இன்னொன்று.

குட்ஜோவின் மக்களுக்குச் சுதந்திரம், 1,500 ஏக்கர் நிலம். காபி, கோகோ, இஞ்சி, புகையிலை, பருத்தி பயிரிட்டுக்கொள்ளலாம். பட்டியலில் கரும்பு இல்லை. அந்தத் தீவின் பணமே கரும்பில்தான் இருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். கூடவே இரண்டு வெள்ளையர்கள் மரூன்களோடு ஊரில் தங்குவார்கள்.

இது வரை பரவாயில்லை. இனிமேல் வருவதுதான் முள். இனித் தப்பி வரும் அடிமைகளை மரூன்கள் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எங்காவது அடிமைகள் கிளர்ச்சி செய்தால் அரசின் பக்கம் நின்று அடக்க வேண்டும்.

செய்தார்கள். 1760இல் டாக்கி என்பவர் தலைமையில் ஜமைக்காவில் பெரிய கிளர்ச்சி வெடித்தபோது அவரைத் துரத்திச் சுட்டுக் கொன்றவர் ஒரு மரூன். முதல் தடவை இதைப் படிப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். துரோகிகள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களும் உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். எண்பது வருஷமாகப் பயிர் எரிந்து, ஊர் எரிந்து, பிள்ளைகளை மலை மலையாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு சமூகத்துக்கு அது கிடைத்த ஒரே கதவு. அதன் வழியாக உள்ளே போனவர்கள் கதவைத் தங்களுக்குப் பின்னால் சாத்த வேண்டும் என்பதே நிபந்தனை. ஆங்கிலேயருக்கு அதில் இரட்டை லாபம்: எதிரியும் குறைந்தான், கூலியில்லாக் காவல்காரனும் கிடைத்தான்.

அந்தக் காவல் வேலையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1795இல் மாண்டீகோ பே என்ற ஊரில் பன்றி திருடியதாக டிரெலானி ஊர் மரூன்கள் இரண்டு பேரைப் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். அடித்தவர் ஓர் அடிமை, முன்பு ஓடிப்போனபோது இதே மரூன்கள் பிடித்து ஒப்படைத்த ஆள் என்பார்கள். அவமானம் பொறுக்காமல் கிளம்பியது இரண்டாவது மரூன் போர். அரசு கியூபாவிலிருந்து சுமார் நூறு வேட்டை நாய்களை வரவழைத்தது. நாடு கடத்த மாட்டோம் என்று தளபதி வால்போல் வாக்குக் கொடுத்த பிறகுதான் மரூன்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஆளுநர் அந்த வாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை 1796இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றினார். சட்டசபை மரியாதையாகக் கொடுக்க முன்வந்த வாளை வால்போல் வாங்க மறுத்துவிட்டார்.

வெப்பமண்டலத்து ஆட்கள் கனடாப் பனியில். நாலு வருஷம் விடாமல் மனுப் போட்டு, 1800இல் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே ஃப்ரீடவுனில் இறங்கிய நேரம், ஏற்கெனவே குடியேறியிருந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நிர்வாகத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். வந்திறங்கிய மரூன்களை வைத்து அதையும் அடக்கினார்கள்.

மீண்டும் ஒரு தடவை நூலைப் பிடித்துக்கொள்வோம். 1739இல் மரூன்கள் போரில் தோற்கவில்லை, பேச்சுவார்த்தை மேசைக்கு எதிரியை இழுத்து வந்தார்கள். கிடைத்த சுதந்திரம் தங்கள் கூட்டத்துக்கு மட்டும்; அடிமை முறை அப்படியே இருந்தது, அதற்குக் காவலும் அவர்களே.

கையெழுத்துக்குச் சம்மதிக்காத ஊர்

பிரேசிலின் வடகிழக்கே, இன்றைய அலகோவாஸ் மாநிலத்தில் பல்மாரிஸ். ஓர் ஊர் இல்லை, பல ஊர்களின் கூட்டு, கிட்டத்தட்ட 17ஆம் நூற்றாண்டு முழுக்க நீடித்தது. டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் மாறி மாறிப் படை அனுப்பினார்கள். 1678இல் அதன் தலைவர் கங்கா ஸும்பா போர்த்துகீசியரோடு உடன்பாட்டுக்கு வந்தார்: பல்மாரிஸில் பிறந்தவர்களுக்குச் சுதந்திரம், மற்றவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஜமைக்காவில் அறுபது வருஷம் கழித்து வரப்போகும் அதே சூத்திரம். ஆனால் இங்கே ஊர் இரண்டாகப் பிளந்தது. கங்கா ஸும்பா விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். ஒப்பந்தத்தை ஏற்காத ஸும்பி தலைமைக்கு வந்தார். 1694இல் நீண்ட முற்றுகைக்குப் பின் தலைநகர் வீழ்ந்தது. 1695 நவம்பர் 20 அன்று ஸும்பி கொல்லப்பட்டார். அவருக்குச் சாவே கிடையாது என்று மக்கள் நம்பியதால் தலையை ரெசிஃபி நகரில் பார்வைக்கு வைத்தார்கள்.

ஆக, கையெழுத்துப் போட்ட ஜமைக்கா ஊர்களில் சில நிலைத்தன, போடாத பல்மாரிஸ் அழிந்தது. அந்த நவம்பர் 20 பிரேசிலில் கறுப்பின விழிப்புணர்வு நாள், 2024 முதல் நாடு முழுக்க விடுமுறை.

தலைமுடியில் நெல்

சமூக ஊடகங்களில் ஒரு படம் சுற்றும்: கொலம்பியாவில் அடிமைப் பெண்கள் தப்பிக்கும் பாதையின் வரைபடத்தைத் தலையில் பின்னலாகப் பின்னிக்கொண்டார்கள் என்று. கார்த்தஹேனாவுக்கு அருகில் சான் பசிலியோ டி பலேங்கே என்ற மரூன் ஊர் இன்றும் இருக்கிறது, தனி மொழியே பேசுகிறார்கள், இந்தப் பின்னல் கதையும் அவர்களிடம் வழிவழியாக வருவதுதான். ஆனால் அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அது இல்லை. வாய்மொழிக் கதை என்று சொல்லிப் பகிர்ந்தால் தப்பில்லை.

வாய்மொழி என்பதாலேயே ஒதுக்கிவிடவும் கூடாது. சுரிநாமில் சரமாக்கா மரூன்கள் பான்சா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். தோட்டத்து வயலில் நெல் அறுத்துக்கொண்டிருந்தவர் தப்பும்போது கொஞ்சம் நெல்லைத் தலைமுடிக்குள் மறைத்துக் கொண்டுபோனார், அதிலிருந்துதான் தங்கள் நெல் வந்தது என்று. கேட்க அழகான கதை என்று விட்டுவிடலாம். ஆனால் தாவரவியல் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தபோது, ஆசிய நெல்லோடு ஆப்பிரிக்க நெல்லும் பயிராகிக்கொண்டிருந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய தனி இனம். சில நெல் ரகங்களுக்குப் பெயரே தப்பி வந்த முன்னோர்ப் பெண்களின் பெயர்கள், பான்சா உட்பட. பெண்கள் கையால் விதை நெல் பிரித்து, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்து, 250 வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயர்கள் நிற்கின்றன. எழுதிவைத்தவர்களெல்லாம் துரைமார்களும் படை அதிகாரிகளும். அவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

நம் கடல் பக்கத்தில்

இந்தியப் பெருங்கடலிலும் மரூன்கள் இருந்தார்கள். மொரீஷியஸின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்ற செங்குத்து மலை, மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் தப்பி ஒளிந்த இடம், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தீவில் 1835இல் அடிமை முறை ஒழிந்ததும் அதே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் உண்டு. தைப்பூசக் காவடிக்கும் அரசு விடுமுறை, அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1க்கும் அரசு விடுமுறை.

இன்றைக்கு என்ன நிலை?

இவர்களை அருங்காட்சியகச் சமாசாரமாக நினைத்துவிட வேண்டாம். பிரேசிலின் 1988 அரசியல் சட்டம் கிலோம்போ வாரிசுகள் குடியிருக்கும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை அந்தச் சமூகத்தினராகப் பதிந்தார்கள். பட்டா கைக்கு வந்தவர்கள் அதில் சொற்பம். சுரிநாமில் அரசு தங்கள் காட்டில் மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்ததை எதிர்த்துச் சரமாக்கா மக்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2007இல் ஜெயித்தார்கள். அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் பெரிய திட்டம் எதையும் அங்கே கொண்டுவரக் கூடாது என்றது தீர்ப்பு.

ஜமைக்காவில் குட்ஜோவின் வழி வந்த அக்காம்பாங் ஊர் இன்னும் இருக்கிறது. 1795 போரில் சேராமல் ஒதுங்கியதால் தப்பிய ஊர் அது. ஒவ்வொரு ஜனவரி 6ஆம் தேதியும் திருவிழா, அபெங் ஊதுவார்கள், சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள். 1739 உடன்படிக்கையைக் காட்டி நாங்கள் தனி இறையாண்மை உள்ளவர்கள் என்று ஊர்த்தலைவர்கள் சொல்கிறார்கள். தீவில் இறையாண்மை ஒன்றே ஒன்றுதான் என்று அரசு சொல்கிறது. காக்பிட் பகுதியின் மண்ணில் பாக்சைட் தாது இருக்கிறது, அலுமினியக் கம்பெனிகளுக்கு அது வேண்டும்.